அரசினர் தோட்டத்தில் தோட்டம் எங்கே?

சென்னை மெட்ரோவில் அண்ணா சாலை வழியாகப் போய் வருகிறவர்களுக்கு ‘அரசினர் தோட்டம்’ என்ற நிலையத்தின் பெயர் பழகிப் போயிருக்கும். இறங்கி மேலே வந்து பார்த்தால் தோட்டம் எதுவும் கண்ணில் படாது. ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. கலைவாணர் அரங்கம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, அகலமான படிக்கட்டும் உயர்ந்த தூண்களுமாக ராஜாஜி மண்டபம் நிற்கிறது. பெயரில் மட்டும் தோட்டம் எப்படி வந்தது?

வந்தது கவர்னரால். சுமார் இருநூறு ஆண்டுகள் சென்னை மாகாணத்தின் கவர்னர் குடியிருந்த இடம் இது. இப்போது ஆளுநர் மாளிகை என்றதும் எல்லோருக்கும் கிண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கிண்டி இந்தக் கதையின் பிற்பகுதி. கோட்டைக்குள் ஒன்று, கோட்டைக்கு வெளியே ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று, மலைமேல் ஒன்று என்று கவர்னருக்கு நான்கு வீடுகள் இருந்திருக்கின்றன. அவர் எப்போது எதற்குக் குடிபெயர்ந்தார் என்று தெரிந்துகொண்டால், இந்த நகரம் யாரைப் பார்த்துப் பயந்தது, எப்போது அந்தப் பயம் விட்டது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே அதனால்தான்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஆளுநர் மாளிகை என்பது பதவிக்கு உரிய வீடு, ஆளுக்கு உரியது அல்ல. பதவி முடிந்த அன்றே பெட்டியைக் கட்ட வேண்டும். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 158-வது பிரிவு, ஆளுநர் தன் அதிகாரபூர்வ இல்லங்களை வாடகை இல்லாமல் பயன்படுத்தலாம் என்கிறது. ‘இல்லங்கள்’ என்று அங்கே பன்மையில்தான் இருக்கிறது. ஒருவருக்கு எதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீடு என்று தோன்றலாம். அதற்கான விடை சட்டப் புத்தகத்தில் கிடைக்காது, வரலாற்றில்தான் தேட வேண்டும்.

கோட்டைக்குள் இருந்த வீடு

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரையில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியது. கவர்னர் என்று பெயர் இருந்தாலும் அன்றைய கவர்னர் நாடாள வந்தவர் அல்ல, வியாபாரக் கம்பெனியின் தலைமை நிர்வாகி. துணி வாங்கி, மூட்டை கட்டி, கப்பலில் ஏற்றுவதுதான் பிழைப்பு. கோட்டையின் நடுவில் இருந்த ‘ஃபோர்ட் ஹவுஸ்’தான் அவருக்கு வீடு, அலுவலகம் எல்லாம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்திக் கட்டப்பட்ட அந்த வீடு இன்றைய தலைமைச் செயலகக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது. முதலமைச்சரும் செயலாளர்களும் வேலை பார்க்கிற இடம், தொடக்கத்தில் ஒரு கவர்னரின் வீடு.

அந்த வளாகத்துக்குப் போகிறவர்கள் சட்டமன்றக் கட்டடத்தின் முகப்பில் உள்ள கருங்கல் தூண்களை ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். அவை முதலில் கடல் வாசலிலிருந்து கோட்டைக்குள் வரும் வழியில் மண்டபமாக நின்றவை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கழற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபின் அவை திரும்பி வந்தன. ஒரு கல் தூணை அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றி இறக்குவது எவ்வளவு பெரிய வேலை! அதை இரண்டு முறை செய்திருக்கிறார்கள்.

தோட்ட வீடு என்றால் என்ன?

கோட்டைக்குள் வெக்கை, நெரிசல், நாற்றம். காசு சேர்ந்த வெள்ளைக்கார வியாபாரிகள் மதிலுக்கு வெளியே பெரிய மனைகளை வளைத்து, நடுவே வீடும் சுற்றிலும் மரங்களுமாகக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். அதுதான் தோட்ட வீடு. சென்னையின் பழைய பங்களாக்கள் பலவற்றின் மூலம் இதுவே. கவர்னருக்கும் கம்பெனி ஒரு தோட்ட வீடு கட்டித் தந்தது. கோட்டைக்கு மேற்கே கூவத்தை ஒட்டி இருந்த அந்த வீட்டை 1746-ல் வந்த பிரெஞ்சுப் படை இடித்துவிட்டது.

ஊர் போனதும் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூருக்கு, புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. அங்கே மஞ்சக்குப்பத்திலும் ஒரு தோட்ட வீடு இருந்தது. பின்னாளில் மாவட்ட ஆட்சியரின் குடியிருப்பாக ஆனது அந்த வீடுதான். கடலூர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், நியாயமான பெருமைதான்.

1749-ல் சென்னை கைக்குத் திரும்பியது. 1752-ல் கவர்னர் தாமஸ் சாண்டர்ஸ் தலைமையிடத்தை மறுபடி இங்கே கொண்டுவந்தார். கவர்னருக்கோ தோட்ட வீடு இல்லை. திருவல்லிக்கேணிக்கு வடக்கே, கூவத்தின் கரையில், மதேரோஸ் என்ற போர்ச்சுகீசியக் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. முதலில் அதை வாடகைக்கு எடுத்தார்கள். பிறகு 1753-ல் 3,500 வராகன் (அன்றைய பொன் நாணயம்) கொடுத்து வாங்கினார்கள். இன்றைய அரசினர் தோட்டத்தின் தொடக்கம் அந்த ஒரு வீடுதான். மதராஸ் என்ற பெயரே இந்தக் குடும்பப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஊர்ப்பெயர் பற்றி உலவுகிற பல கருத்துகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

வாங்கினார்களே தவிர நிம்மதியாக இருந்தார்களா என்றால், இல்லை. 1758 இறுதியில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடி வந்து கோட்டையை முற்றுகையிட்டது. மதிலுக்கு வெளியே இருந்த இந்த வீடும் அடிபட்டது. 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் வாசல்வரை வந்து, கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தது. 1780-ல் மறுபடியும் அதே திகில். தோட்ட வீட்டில் தூங்கினாலும் காது கோட்டைப் பக்கமே இருந்திருக்கும்.

அந்தப் பயம் 1799-ல் விட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்த ஆண்டு அது. அப்போது இங்கே கவர்னர் எட்வர்ட் கிளைவ். பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன். மகனுக்குப் போர்ப்புகழ் கிடையாது, ஆனால் கட்டடங்களில் ஆசை இருந்தது. இருந்த வீட்டை விரிவாக்கினார், சுற்றியிருந்த நிலத்தைச் சேர்த்தார். அப்புறம் பக்கத்தில் தனியாக ஒரு விருந்து மண்டபம் எழுப்பினார். 1802 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. செலவுக் கணக்கைப் பார்த்து லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் கடிந்துகொண்டார்கள்.

மண்டபத்தைக் கட்டியவர் ஜான் கோல்டிங்காம். அவர் அடிப்படையில் வானியலாளர், சென்னை வானாய்வகத்தின் பொறுப்பாளர். கம்பெனி நடத்திய நில அளவைப் பள்ளியும் அவர் பொறுப்பில் இருந்தது. அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. கிரேக்கக் கோயில் பாணியில், உயரமான அடித்தளமும் தூண் வரிசையுமாக மண்டபத்தை வடிவமைத்தார். முகப்பின் முக்கோணச் சிற்பங்களில் ஒரு பக்கம் பிளாசி வெற்றி, மறுபக்கம் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றி. அப்பாவின் போருக்கும் தன் காலத்துப் போருக்கும் ஒரே கட்டடத்தில் இடம் கொடுத்துவிட்டார் மகன். திப்புவின் தோல்வியைக் கொண்டாடக் கட்டியது என்று தெரிந்தபின் அந்தப் படிக்கட்டை என்னால் வெறும் அழகாக மட்டும் பார்க்க முடியவில்லை.

இங்கே சுவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் சென்னை வந்த ஐரோப்பியர்கள் தூண்களையும் சுவர்களையும் தொட்டுப் பார்த்துச் சலவைக்கல் என்றே நினைத்தார்கள். அது சலவைக்கல் அல்ல, சுண்ணாம்பு. ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்று தனிப் பெயரே வாங்கியிருந்தது. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து முதல் பூச்சுகளைப் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் மணலே இருக்காது. சிப்பிச் சுண்ணாம்பை மாவாகச் சலித்து, மை போல அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவும் தயிரும் சேர்ப்பார்கள். பூசியதோடு வேலை முடியாது. ஈரம் இருக்கும்போதே வழுவழுப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவருக்கு வியர்க்கும். அந்த நீரை மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, வியர்ப்பது நின்ற பிறகுதான் விடுவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். கவர்னரின் பெயரும் கட்டியவரின் பெயரும் ஏடுகளில் இருக்கின்றன. இந்தச் சுவரைத் தேய்த்த கொத்தனார்களின், சித்தாள்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

விருந்துக்குக் கட்டிய மண்டபம் போகப் போக வேறு வேலைகளுக்கும் ஆனது. செனட் ஹவுஸ் வரும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாக்கள் இங்கேதான் நடந்தன. 1938-39-ல் ராஜாஜி பிரதமராக இருந்தபோது (அன்று மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் அழைத்தார்கள்) சட்டமன்றம் இந்த மண்டபத்தில் கூடியது. சுதந்திரத்துக்குப் பின் அவர் பெயரே மண்டபத்துக்கு வந்தது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் என்று நம் தலைவர்களின் உடலுக்கு மக்கள் கடைசியாக மரியாதை செலுத்தியதும் இந்தப் படிகளில்தான். கவர்னரின் விருந்தாளிகள் ஏறிய படியில் சாதாரண சனங்கள் வரிசை கட்டி அழுதுகொண்டே ஏறினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்கு மண்டபம் என்றாலே அந்தக் காட்சிதான்.

மண்டபம் பிழைத்தது, வீடு பிழைக்கவில்லை. மதேரோஸ் குடும்பத்திடம் வாங்கி, கிளைவ் விரிவாக்கிய அந்த அரசினர் மாளிகை, புதிய தலைமைச் செயலகம் கட்டுவதற்காக 2008 வாக்கில் இடிக்கப்பட்டது. 2010-ல் திறந்த அந்தச் செயலகக் கட்டடம்தான் 2014 முதல் ஓமந்தூரார் வளாகத்து மருத்துவமனை. மருத்துவமனை வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் 250 ஆண்டு பழைய ஒரு வீட்டை இடிக்காமலே அதைச் செய்திருக்கலாம் என்ற ஆதங்கம் போகவில்லை.

கிண்டிக்கு எப்படிப் போனார்கள்?

கிண்டியின் கதை உண்மையில் அதைவிடப் பழையது. 1670-களில் கவர்னராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன், பரங்கிமலைக்கு அருகே காட்டோரமாக ஒரு தோட்ட வீடு கட்டினார். அது அரசு வீடு அல்ல, அவருடைய சொந்த வீடு. பதவி முடிந்து போகும்போது சின்ன வெங்கடாத்ரி என்ற உள்ளூர் வணிகருக்கு விற்றுவிட்டார். அதன்பின் கிட்டத்தட்ட 140 ஆண்டுகள் அந்த இடம் கை மாறிக்கொண்டே இருந்தது.

கோட்டையிலிருந்து கிண்டிக்குப் போக அடையாற்றைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. 1726-ல் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் ஒரு பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். அதே இடத்தில்தான் இன்றைய மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. பரங்கிமலை உச்சிக்கு ஏறும் படிகளும் அவர் கட்டியவைதான். ஊரைத் தென்மேற்குப் பக்கம் திறந்துவிட்டவர் ஒரு கவர்னர் அல்ல, ஒரு வியாபாரி.

1821-ல் தாமஸ் மன்றோ கவர்னராக இருந்தபோது அரசு கிண்டி வீட்டை வாங்கியது. இங்கேதான் முன்பு கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. ஏற்கெனவே வீடு இருக்கிறதே, எதற்கு இன்னொன்று? அரசினர் தோட்டம் நகர வீடு. பார்வையாளர்கள், விருந்து, கோப்புகள் எல்லாம் அங்கே. கிண்டி ஓய்வுக்கான நாட்டுப்புற வீடு. வார இறுதியில் வண்டி கட்டிக்கொண்டு வந்து, வேட்டையாடி, காற்று வாங்கிவிட்டுத் திரும்புவார்கள். எதிரிப் படை வருமோ என்ற எண்ணமே இல்லாத காலம் வந்துவிட்டது. கோட்டை மதிலிலிருந்து இவ்வளவு தூரத்தில் கவர்னர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால், சுற்றியுள்ள நாடு முழுக்க அவர் கைக்குள் வந்துவிட்டது என்று பொருள். மன்றோவின் பெயரை நமக்கு நினைவூட்டுவதும், உழவரிடமே நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறைதானே.

அப்புறம் வெயில். சித்திரை வெயிலுக்குக் கிண்டி மரங்கள் போதவில்லை. 1870-களில் கோடைக்கால அரசாங்கம் ஊட்டிக்கு ஏறத் தொடங்கியிருந்தது. பக்கிங்காம் பிரபு 1875-ல் கவர்னராக வந்தார். ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்கு மேலே, தொட்டபெட்டா சரிவில், பெரியதொரு மாளிகை அவர் காலத்தில் எழுந்தது. அதுதான் இன்றைய ஊட்டி ராஜ் பவன். ஆண்டைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை கீழே சமவெளியில் தாது வருஷப் பஞ்சம். கும்பி வற்றிய சனங்கள் கஞ்சித் தொட்டியைத் தேடி நடந்து நடந்து வழியிலேயே செத்தார்கள், லட்சக்கணக்கில். பஞ்ச நிவாரண வேலையாகக் கூலிக்கு ஆள் வைத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டினார்கள். பக்கிங்காம் கால்வாய்க்கு அவர் பெயர் வந்தது அப்படித்தான். மலையில் மாளிகை, கீழே கால்வாய். இரண்டும் ஒரே கவர்னரின் காலம். ஊட்டி மாளிகையின் அழகை எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுத வேண்டும் என்பது என் கருத்து.

மற்ற ஊர்களிலும் இதே போக்குதான். கொல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1799-க்கும் 1803-க்கும் இடையே, இங்கிலாந்தின் கெடில்ஸ்டன் மாளிகையைப் பார்த்து ஒரு மாளிகை கட்டினார். கிளைவ் இங்கே கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள், அதே வெற்றியின் தெம்பு. மும்பையில் பரேலில் இருந்த கவர்னர்கள் 1880-களில் கடலோரத்து மலபார் முனைக்கு மாறினார்கள், பழைய வீடு பிற்பாடு பிளேக் ஆய்வுக்கூடம் ஆனது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னராக இருந்த டூப்ளேயின் அரண்மனையை 1761-ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். 1760-களின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டியதுதான் பின்னாளில் துணைநிலை ஆளுநரின் இல்லம் ஆனது.

சரி, சுதந்திரத்துக்குப் பிறகு?

1947-ஐ ஒட்டி ஆளுநரின் நிரந்தரக் குடியிருப்பு கிண்டிக்கு மாறியது. 1948-ல் இந்தியர் ஒருவர், பாவ்நகர் மகாராஜா கிருஷ்ண குமாரசிங், ஆளுநராக அங்கே குடிவந்தார். ‘கவர்ன்மென்ட் ஹவுஸ்’ என்ற பெயர் நாடு முழுவதும் ‘ராஜ் பவன்’ ஆனது. 2025 இறுதியில் மத்திய அரசின் அறிவுறுத்தலின்படி அது ‘லோக் பவன்’ என்று மாறியிருக்கிறது. ஆனால் மக்கள் வாயில் இன்னமும் கவர்னர் மாளிகைதான்.

பெயரைவிடப் பெரிய மாற்றம் நிலத்தில் நடந்தது. பழைய கிண்டி வளாகம் சுமார் 500 ஹெக்டேர். 1956-ல் காந்தி மண்டபம் திறக்கப்பட்டது. பிற்பாடு ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவகங்கள் வந்தன. 1950-களின் இறுதியில் ஐ.ஐ.டி.க்கு ஒரு பகுதி போனது. சிறுவர் பூங்கா வந்தது. காட்டுப் பகுதி வனத்துறைக்குப் போய், 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. அதன் பரப்பு சுமார் 270 ஹெக்டேர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஒரு மாநகரத்துக்கு நடுவே வெளிமானும் புள்ளிமானும் மேய்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? கடற்கரை ஓரத்து உலர் பசுமைமாறாக் காடு ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்க இருந்தது. இப்போது மிச்சம் இருப்பது அங்கங்கே சில துண்டுகள், பல இடங்களில் கோயில் காடுகளாக. கிண்டியில் அது தப்பியதற்குக் காரணம், கவர்னரின் வேட்டைக்காக வேலி போட்டு வைத்திருந்தார்கள். வேட்டைக்குப் போட்ட வேலி மானைக் காப்பாற்றிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றுலா என்று கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். பாம்புப் பண்ணையும் மான்களும் நினைவிருக்கின்றன. கவர்னரின் தோட்டத்துக்குள் நிற்கிறோம் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

உங்களுக்கு ஒரு காலை நேரம் கிடைத்தால் சின்னமலை மெட்ரோ நிலையத்தில் இறங்கி, சர்தார் படேல் சாலைக்கு வந்து, கிழக்கே நடந்து பாருங்கள். வலது கைப் பக்கம் ஆளுநர் மாளிகையின் வாசல், சிறுவர் பூங்கா, காமராஜர் நினைவகம், காந்தி மண்டபம், கடைசியாக ஐ.ஐ.டி. வாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஆலமரங்கள் மட்டும் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். சுதந்திரம் வந்தபோது இவ்வளவும் ஒரே ஒருவரின் வீட்டுத் தோட்டம்.